குளத்தின் கணக்கை எழுதி முடித்த றேமன்ட் லின்டமன்

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் ஒரு கணக்கு நினைவிருக்கும். புல்லில் ஆயிரம் அலகு சக்தி இருந்தால், அதைத் தின்னும் வெட்டுக்கிளிக்கு நூறு. வெட்டுக்கிளியைத் தின்னும் தவளைக்குப் பத்து. தவளையை விழுங்கும் பாம்புக்கு ஒன்று. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகிறது. வன்னியில் இருபது வருடங்களுக்கு மேல் இதை நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதுவார்கள், புள்ளியும் கிடைக்கும். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளை குறைவு. அது ஒரு சின்னக் குளத்திலிருந்து வந்தது. அந்தக் குளத்தை அளந்தவர் தன்னுடைய முக்கியமான கட்டுரை அச்சில் வருவதைப் பார்க்காமலே இறந்துபோனார். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை.

அவருடைய பெயர் றேமன்ட் லின்டமன். சூழலியலை முறையாகப் படிக்கும் யாரும், எந்த நாட்டிலிருந்தாலும், அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் பக்கத்தில் அவருடைய கணக்கு தெரிந்த அளவுக்கு அவருடைய கதை தெரியவில்லை.

லின்டமன் 1915 ஜூலை 24 அன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், றெட்வூட் ஃபோல்ஸ் என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். கமக்காரக் குடும்பம். மிசூரி மாநிலத்திலுள்ள பார்க் கல்லூரியில் படித்து 1936 இல் பட்டம் பெற்றார். பிறகு சொந்த மாநிலத்துக்குத் திரும்பி, மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார். உலகப் பொருளாதார நெருக்கடியின் காலம் அது. கமக்காரர்கள் நிலத்தை விட்டு எழும்பிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கமக்காரரின் மகன் குளத்துச் சேற்றை ஆராயப் போனார்.

அவர் எடுத்துக்கொண்ட குளத்துக்கு சீடார் பொக் ஏரி என்று பெயர். ஏரி என்று சொன்னாலும் நாங்கள் அதைக் குளம் என்றுதான் சொல்லுவோம். சுமார் ஒரு மீற்றர் ஆழம். மினியாபோலிஸ் நகரத்துக்கு வடக்கே, காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவில் கிடக்கிறது. அழகுக்காகவோ மீனுக்காகவோ யாரும் தேடிப் போகிற இடமல்ல. அதுமட்டுமல்ல, அது முதுமையடைந்த நீர்நிலை. கரையிலிருந்து தாவரங்கள் உள்ளே உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. அடியில் சேறு உயர்ந்துகொண்டிருக்கிறது. காலப்போக்கில் தண்ணீர் மறைந்து சதுப்பாகி, பிறகு காடாகிவிடும். மாரியில் மேலே பனிக்கட்டி மூடிவிட, அடியிலே ஒட்சிசன் தீர்ந்துபோகும். அப்படியான ஒரு மாரியைச் சேற்றிலுள்ள சிற்றுயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்று பார்க்க அவர் தனியாகப் பரிசோதனைகளும் செய்தார்.

பெரிய ஏரிகளை விட்டுவிட்டு இதை எடுத்ததில் ஒரு வசதி இருந்தது என்று நினைக்கிறேன். சின்னது என்றால் முழுவதையும் பார்க்கலாம். அவருக்கு முன்னிருந்தவர்களில் ஒருவர் மீனைப் பார்த்தார், ஒருவர் பாசியைப் பார்த்தார், இன்னொருவர் நீரின் இரசாயனத்தைப் பார்த்தார். லின்டமன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க விரும்பினார். நீரில் மிதக்கும் நுண்தாவரங்கள், அடியில் வேர்விட்ட நீர்த்தாவரங்கள், அவற்றை மேயும் கண்ணுக்குத் தெரியாத விலங்குகள், சேற்றுக்குள் வாழும் பூச்சிக் குடம்பிகள், அவற்றைப் பிடித்துத் தின்பவை, மீன்கள், எல்லாம் செத்து விழுந்தபின் அவற்றைப் பிரித்து முடிக்கும் பற்றீரியாக்கள். ஐந்து வருடங்கள் இந்த வேலை நடந்தது. மனைவி எலினோர் கூடவே நின்றார். மாதிரி எடுப்பது, சலிப்பது, தரம் பிரிப்பது, எண்ணுவது, உலர்த்தி நிறுப்பது எல்லாம் இரண்டு பேரின் உழைப்பு. விஞ்ஞான வரலாற்றில் இப்படிப்பட்ட மனைவிமாரின் பெயர் கட்டுரையின் மேல்பகுதியில் வருவது அரிது. இங்கும் வரவில்லை.

யார் யாரைத் தின்கிறார்கள் என்று அவர் ஒரு படம் வரைந்தார். அந்தப் படத்தின் நடுவில் மீன் இல்லை, தாவரமும் இல்லை, சேறு இருக்கிறது. செத்தவற்றின் மிச்சமும் அதற்குள் வாழும் நுண்ணுயிர்களும் கலந்த கூழ்ச்சேறு. எல்லா அம்புக்குறிகளும் அதற்குள் வந்து போகின்றன. ஒரு துளிச் சேற்றை எடுத்து இது உயிர், இது உயிரற்றது என்று கோடு கிழிக்க முடியுமா என்பதுதான் அவருக்கு வந்த கேள்வி. முடியாது என்று அவர் முடிவெடுத்தார். உயிரினங்களை ஒரு பக்கமும் அவை வாழும் மண்ணையும் நீரையும் இன்னொரு பக்கமும் வைத்துப் படிப்பதில் பொருளில்லை என்றார். ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆதர் டான்ஸ்லி 1935 இல் உருவாக்கிய சூழற்றொகுதி என்ற சொல் அப்போது புதிது. லின்டமன் அதைக் கையில் எடுத்து, அளந்து பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றினார்.

அவருக்கு முன்னே ஒரு பழைய புதிரும் இருந்தது. 1927 இல் சாள்ஸ் எல்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக உயிரினங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போவதை எடுத்துக்காட்டினார். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுப்பவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சூடை கூடை கூடையாக வரும். பாரை அப்படி வராது. சுறா அதைவிடக் குறைவு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரியவை ஏன் இவ்வளவு குறைவு? சிறியவை வேகமாகப் பெருகுகின்றன, பெரியவைக்கு நிறைய இடம் வேண்டும் என்ற மாதிரியான விளக்கங்கள் இருந்தன. லின்டமன் அந்தக் கேள்வியையே மாற்றிவிட்டார். எத்தனை தலை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எவ்வளவு சக்தி என்று கேட்டார்.

உலர்த்தி நிறுத்ததை எல்லாம் அவர் கலோரியாக மாற்றினார். ஒரு வருடத்தில் ஒவ்வொரு கூட்டமும் எத்தனை தடவை புதிதாகப் பெருகுகிறது, எவ்வளவு சுவாசத்தில் போகிறது, எவ்வளவு தின்னப்படுகிறது, எவ்வளவு அழுகிப் போகிறது என்று சேர்த்துக் கணக்கிட்டார். வந்த விடை இது. குளத்தின் மேற்பரப்பில் ஒரு சதுர சென்ரிமீற்றரை, அதாவது விரல் நகமளவு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு வருடத்தில் விழும் சூரிய சக்தி 118,872 கலோரி. (இது சின்னக் கலோரி. உணவுப் பொதிகளில் போடும் கிலோகலோரியின் ஆயிரத்தில் ஒன்று.) இதில் தாவரங்கள் பிடித்து வைப்பது 111.3 கலோரி. ஆயிரத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. தாவரம் தின்னும் விலங்குகளுக்குப் போவது 14.8. அந்த விலங்குகளைத் தின்னும் விலங்குகளுக்கு 3.1.

முதலில் 118,872, கடைசியில் 3.1. மேலே நிற்கிற உயிரினம் ஏன் அரிது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

மிச்சம் எங்கே போகிறது? இதை வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் வீணாகிப் போகிறது என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. தாவரம் பிடித்த 111 கலோரியில் ஏறத்தாழ 23 தாவரத்தின் சொந்தச் சுவாசத்திலேயே போகிறது. உயிரோடு இருப்பதற்கான செலவு அது. 15 அளவில் தின்னப்படுகிறது. சுமார் மூன்று அழுகிப் போகிறது. ஏறத்தாழ 70 யாராலும் தின்னப்படாமல் இருந்து, கடைசியில் சேற்றுக்குப் போகிறது. குளம் நிரம்பிக்கொண்டு வருவதும் அதனால்தான். ஊனுண்ணிகளிடம் வரும்போது நிலைமை வேறு. கிடைத்த 3.1 இல் 1.8 சுவாசத்திலேயே தீர்கிறது. இரையைத் தேடி ஓடுகிறவனுக்கு ஓட்டத்திலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. சுவாசத்தில் போன சக்தி வெப்பமாகிவிடும். அதை எந்தத் தாவரமும் மீண்டும் பிடிக்க முடியாது. காபன், நைதரசன் போன்றவை சேற்றுக்குள் போய்த் திரும்பி வரும். சக்தி ஒருவழிப் பாதை. ஒவ்வொரு நாளும் சூரியன் புதிதாகத் தர வேண்டும்.

இந்தக் கணக்கைப் படிக்காமலே எங்கள் சனம் ஒருகாலம் இதன்படி வாழ்ந்தது. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கோழி வைத்திருந்தவர்கள் அதற்கு எறிய அரிசி இல்லாமல் கோழியை முடித்தார்கள். அரிசியைக் கோழிக்குப் போட்டு முட்டையாக எடுப்பதா, நேரே கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதா என்று ஒரு தாய் யோசித்தால், கஞ்சிதான் கூடப் பேரின் வயிற்றை நனைக்கும். நடுவில் ஒரு படி குறைந்தால் அந்தப் படியின் செலவு மிச்சம். பஞ்ச காலங்களில் மனிதர்கள் உணவுச் சங்கிலியில் கீழே இறங்கி வருவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. உப்பும் இல்லாத அந்தக் கஞ்சியில் பசி ஆறியது என்று நான் சொல்லவில்லை. உயிர் கிடந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். நிவாரணமும் இப்படித்தான், மேலேயிருந்து வர வர ஒவ்வொரு கையிலும் குறைந்து கடைசி ஆளுக்குப் பத்தில் ஒன்றுதான் வரும் என்று எங்கள் ஆட்கள் பகிடியாகச் சொல்வார்கள். சிரிக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குளத்தில் யாரும் களவெடுப்பதில்லை. அங்கே குறைவது உயிர் வாழ்ந்ததற்கான செலவு. மற்றது மனிதர் செய்வது, மனிதரிடம் கணக்குக் கேட்கக்கூடியது.

லின்டமனிடம் திரும்பி வருவோம். 1941 இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அதே வருடம் அவர் எலினோருடன் கிழக்குக் கரையிலுள்ள யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜி. ஈவ்லின் ஹட்சின்சன் இருந்தார். இங்கிலாந்தில் பிறந்தவர். லடாக் மலைப்பகுதியின் ஏரிகள் வரை சென்று ஆராய்ந்தவர். நீர்நிலைகளைப் பற்றிக் கணித மொழியில் சிந்திக்கத் தொடங்கியிருந்தவர். மாணவரிடம் ஐந்து வருடத் தரவு இருந்தது, ஆசிரியரிடம் அதை ஒழுங்குபடுத்தும் சிந்தனை இருந்தது. இரண்டும் சேர்ந்து, ஆய்வேட்டின் கடைசிப் பகுதியாக இருந்த ஒன்று தனிக் கட்டுரையாக வளர்ந்தது. லின்டமனின் உடல்நிலை அப்போதே சரியில்லை. ஈரல் நோய் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. யேலில் அது கூடியது.

கட்டுரை 'எக்கோலொஜி' என்ற சஞ்சிகைக்குப் போனது. ஆசிரியர் தோமஸ் பார்க் அதை இரண்டு மூத்த அறிஞர்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பினார். விஸ்கொன்சினைச் சேர்ந்த சோன்சி ஜூடே ஒருவர், மிச்சிகனைச் சேர்ந்த போல் வெல்ச் மற்றவர். நன்னீர் ஆய்வில் அமெரிக்காவின் பெரிய பெயர்கள். இருவரும் வேண்டாம் என்றார்கள். ஒரு சின்னக் குளத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய கோட்பாடு கட்டுவதா, இன்னும் பல ஏரிகளில் பல வருடங்கள் தரவு சேர்க்கட்டும், கோட்பாட்டைப் பிறகு பார்க்கலாம் என்பது அவர்களின் நிலைப்பாட்டின் சாரம். இதில் விசித்திரம் என்னவென்றால், லின்டமன் தன் குளத்தோடு ஒப்பிட எடுத்துக்கொண்ட மென்டோட்டா ஏரியின் கணக்கு இதே ஜூடே வெளியிட்டது. ஜூடேயின் வாழ்நாள் உழைப்பு அந்த ஏரி. தரவு தந்தவருக்கே அதிலிருந்து பிறந்த சிந்தனை பிடிக்கவில்லை.

அவர்களை வில்லன்களாக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கேட்டது நியாயமற்றதும் அல்ல. ஒரு குளம் ஒரு குளம்தான். ஆனால் இன்னும் பல வருடங்கள் என்று அவர்கள் சொன்னபோது, எதிரில் இருந்தவரிடம் அந்த வருடங்கள் இருக்கவில்லை.

மறுப்பு 1941 நவம்பரில் வந்தது. அடுத்த மாதம் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது, அமெரிக்கா போருக்குள் இறங்கியது. பல்கலைக்கழகங்கள் போர் வேலைக்குத் திரும்பின. ஒரு குளத்தின் கலோரிக் கணக்கு மறக்கப்படுவதற்கு அதைவிட நல்ல காலம் இருக்க முடியாது. அப்போது ஹட்சின்சன் சஞ்சிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். தரவுகள் குவிந்துகொண்டே போகின்றன, அவற்றை இணைக்கும் சிந்தனைதான் இல்லை, அதை இந்த இளைஞர் செய்திருக்கிறார் என்ற கருத்தில் வாதாடினார். லின்டமன் நோயோடு இருந்தபடியே கட்டுரையைத் திருத்தினார். தோமஸ் பார்க் இரண்டு மூத்தவர்களின் பரிந்துரையையும் ஒதுக்கிவிட்டு, 1942 இன் தொடக்கத்தில் கட்டுரையை ஏற்றுக்கொண்டார். சரியாகவோ பிழையாகவோ காலம் தீர்மானிக்கட்டும் என்பதுதான் அவருடைய எண்ணமாக இருந்தது. இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் 1977 இல் றொபேட் குக் என்பவர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதியபோதுதான் பலருக்கும் தெரியவந்தது.

1942 ஜூன் 29 அன்று லின்டமன் இறந்தார். கட்டுரை ஒக்டோபரில் வெளிவந்தது. அதன் இறுதியில் ஹட்சின்சன் ஒரு சிறு குறிப்புச் சேர்த்திருந்தார். நீண்ட நோய்க்குப் பின் இவர் காலமாகிவிட்டார், இது இவர் எழுதி முடித்த ஆறாவது கட்டுரை என்ற தகவலோடு, இந்தக் கட்டுரையின் பெறுமதி என்ன என்பதும் அதில் இருந்தது.

அந்தக் குறிப்பை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வேறு முகங்கள் ஞாபகம் வரும். எங்களிடமும் பாதி எழுதிய ஆய்வேடுகள் இருந்தன. இடப்பெயர்வில் பெட்டியோடு விட்டுவிட்டு வந்த குறிப்புப் புத்தகங்கள் இருந்தன. உயர்தர உயிரியலில் என்னைவிடத் தெளிவாகப் படம் கீறக்கூடிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் சிலருடைய பெயர்கள் இப்போது வீட்டுச் சுவரில் மாலை போட்ட படத்துக்குக் கீழே இருக்கின்றன. லின்டமன் போரில் சாகவில்லை, நோயில் செத்தார். ஒப்பிட முடியாது. ஆனாலும் அவருக்குக் கிடைத்த ஒன்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆள் போனபின் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, இது அச்சாக வேண்டும் என்று சொல்ல ஒருவர் இருந்தார்.

காலம் லின்டமன் பக்கம் நின்றது. ஹட்சின்சனின் இன்னொரு மாணவரான ஹவாட் ஓடம் 1950களில் புளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றில் இதே முறையில் சக்தியின் பாதையை அளந்தார். ஹவாடின் அண்ணன் இயூஜின் ஓடம் 1953 இல் வெளியிட்ட பாடநூல் இந்தச் சிந்தனையை உலகம் முழுவதும் கொண்டுபோனது. எங்கள் பாடத்திலுள்ள போசணை மட்டம், உற்பத்தியாளர், நுகரி என்ற அடுக்குகளுக்கு எல்லாம் இந்தக் கட்டுரையோடு உறவு உண்டு.

பத்து வீதம் என்ற எண்ணை மட்டும் லின்டமனின் தலையில் கட்டுவது சரியல்ல. அவருடைய குளத்தில் தாவரத்திலிருந்து தாவர உண்ணிக்குப் போனது 13.3 வீதம், அங்கிருந்து ஊனுண்ணிக்கு 22.3 வீதம். மென்டோட்டா ஏரியில் அதே படிகள் 8.7, 5.5 என்றும், அதற்கு மேல் இன்னொரு படி 13.0 என்றும் வந்தன. எங்குமே சரியாகப் பத்து இல்லை. பிறகு வந்தவர்கள் வசதிக்காக வட்டமாக்கிய எண் அது. அவருடைய சில இலக்கங்களையும் பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இடத்துக்கு இடம் அது நிறைய மாறும் என்பது இன்று தெரியும். மேலே போகப் போகக் குறையும் என்பது மட்டும் மாறவில்லை. பிள்ளைகளுக்குப் பத்து வீதத்தைச் சொல்லிக் கொடுக்கும்போது இந்த 13.3 ஐயும் 22.3 ஐயும் பக்கத்தில் எழுதிப் போடுவது நல்லது. இயற்கை பரீட்சைத் தாளுக்கு ஏற்றபடி நடப்பதில்லை என்று அவர்களுக்கு விளங்கும்.

நீரியல் விஞ்ஞானிகளின் சர்வதேசச் சங்கமொன்று இன்று வருடாவருடம் லின்டமனின் பெயரில் ஒரு விருது கொடுக்கிறது. இளம் ஆய்வாளர் ஒருவர் எழுதிய சிறந்த கட்டுரைக்கு. வயதெல்லை 35.

சீடார் பொக் ஏரி இருக்கும் இடம் இப்போது மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வனம். புல்வெளிகளில் தாவர இனங்கள் குறைந்தால் என்ன நடக்கும் என்று பார்க்கும் புகழ்பெற்ற நீண்டகாலப் பரிசோதனைகள் அங்கே நடக்கின்றன. குளமும் அங்கேதான் கிடக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் தின்னப்படாத தாவரம் அடியில் இறங்குகிறது, கரை கொஞ்சம் உள்ளே வருகிறது.